மஞ்சள் போகாத மாதங்கள்

“தவளைக் குஞ்சைப் பற்றிப் படிச்சுப்போட்டு எங்கடை பிள்ளைக்கு நோய் வருத்தம் சொல்ல வந்திட்டா.”

அக்காவின் மாமியார் இதை என்னிடம் நேரே சொல்லவில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார். அப்போது நான் உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பா பத்திரிகைத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று அப்பாவுடன் வெங்காயத் தோட்டத்துக்குப் போனவள். எனக்கு அந்தப் படிப்பில் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால்தான் மாமியின் அந்தச் சொல் சுட்டது.

மாமியும் மாமாவும் அத்தானும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். வடக்குப் பக்கத்தில் சண்டை மூண்டு அவர்களுடைய ஊர் முழுவதும் கிளம்பியபோது, ஒரு மாட்டு வண்டியும் இரண்டு சைக்கிள்களும் கொண்டுவரக்கூடியதை மட்டும் கொண்டு உடுவில் பக்கம் இருந்த எங்கள் வளவுக்கு வந்தார்கள். அக்கா அப்போது நிறைமாதம். சம்பந்தி வீட்டார் வீடு இழந்து வந்து நிற்கும்போது அவர்கள் மனம் நோக ஒரு சொல் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. உலைக்கு அரிசி போடுவதிலிருந்து கோழி அடைப்பதுவரை எல்லாவற்றிலும் மாமியின் சொல்தான் மேலே நின்றது. தன் வீட்டில் அடுப்பும் அலுமாரியும் அப்படியே கிடக்க வந்த மனுசி, இங்கே அதிகாரம் பண்ணித்தான் தன்னை நிமிர்த்தி வைத்துக்கொண்டார் என்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை.

பிள்ளை பெரியாஸ்பத்திரியில் பிறந்தாள். பிறந்த மறுநாளே உடம்பு மஞ்சளாகிவிட்டது. அக்காவின் இரத்தம் ஓ வகை, பிள்ளையினுடையது பி வகை, அதனால் வந்த மஞ்சள், சில நாளில் இறங்கிவிடும், காலை வெயிலில் கொஞ்ச நேரம் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அது சரியான விளக்கம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் பள்ளியில் படித்ததை வைத்து விளங்கப்படுத்தினேன். செங்குழியத்தின் மேல் ஒரு அடையாளம் இருக்கிறது, பி வகைக்கு ஒன்று, ஏ வகைக்கு ஒன்று. ஓ வகைக்கு இரண்டும் இல்லை. தன்னிடம் இல்லாத அடையாளத்தைக் கண்டால் தாயின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரி அதை அந்நியம் என்று நினைத்துத் தாக்கும். அதில் கொஞ்சம் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய்விடுகிறது. உடைகிற குழியங்களிலிருந்துதான் அந்த மஞ்சள்.

மாமி வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப என்ன, தாயின்ரை இரத்தம் பிள்ளையைத் தின்னுதோ?”

“அப்பிடியில்லை மாமி. அத்தான்ரை குறூப் பி எண்டபடியால்தானே பிள்ளைக்கும் அது வந்தது. ரெண்டு பேரின்ரையும் சேர்ந்துதான்.”

“அவன்ரை இரத்தத்துக்கு என்ன குறை? ரெண்டு தரம் இரத்தம் குடுத்தவன் அவன்.” வெற்றிலையை வாயில் வைத்தார். “சாதகம் நல்லாப் பொருந்துது எண்டாங்கள். இரத்தம் பொருந்துதோ எண்டு ஒருத்தனும் பாக்கேல்லை.”

அத்தான் என்னைக் காட்டிச் சிரித்தார். “விடுங்கோ அம்மா. தங்கச்சிக்குப் பாக்கேக்கை சாத்திரியாரிட்டைப் போகாமல் நேரை இரத்த வங்கிக்குப் போவம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பகிடி அன்றோடு முடியவில்லை. பிள்ளை பால் குடிக்காமல் தூங்கினாலும், வயிறு போகாமல் கிடந்தாலும், “தாயின்ரை இரத்தம்” என்ற சொல் எங்கிருந்தோ வந்துவிடும். பார்க்க வருகிற சனத்துக்கும் மாமி அதையே சொன்னார். கலியாணப் பொருத்தம் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு, இரத்த வகை என்பதும் இன்னொரு பொருத்தமாகப் போய்விட்டது. பொருந்தாத இடத்தில் பிழை பெண் பக்கம்தான் என்பது எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இரண்டு கிழமை கடந்தும் பிள்ளையின் மஞ்சள் போகவில்லை. வெளியே யாருக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் அக்கா பிள்ளையை வெயிலுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். முற்றத்தில் பிடித்தால் மாமி பார்ப்பார், பக்கத்து வளவார் பார்ப்பார், திரும்பவும் இரத்தக் கதை எழும்பும். உள்ளறையில், யன்னலைச் சாத்தி, முழுக்கைச் சட்டை போட்டு வைத்திருந்தாள். மின்சாரம் நின்று எவ்வளவோ காலம். பொழுதுபட்டால் ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த வெளிச்சத்தில் எங்கள் எல்லோருடைய முகமும் மஞ்சள்தான். யார் கேட்டாலும் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள்: “அது போயிட்டுது.”

பிள்ளை அழவும் மாட்டாள். இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. எங்கள் வளவின் பின்னால், பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டாரும் இரண்டு அயல் வீட்டாரும் அதற்குள் இறங்குவோம். மற்றக் குழந்தைகள் வீரிட்டு அழும். காற்றில்லாத அந்தக் குழிக்குள் ஒரு குழந்தை அழத் தொடங்கினால் பெரியவர்களுக்கும் நெஞ்சு படபடக்கும். எங்கள் பிள்ளை மட்டும் அக்காவின் தோளில் துணி மாதிரிக் கிடப்பாள். குண்டு விழுந்து மண் உதிர்ந்தாலும் கண்ணை மெல்லத் திறந்து திரும்ப மூடுவாள்.

“இந்தா, உதெல்லோ பிள்ளை,” என்பார் பக்கத்து வீட்டு அன்ரி. “என்ரையும் இருக்குது, தொண்டையிலை சைரன் பூட்டின மாதிரி.”

“தங்கமான பிள்ளை. காலம் அறிஞ்சு பிறந்திருக்குது,” என்று மாமி பெருமைப்படுவார். தாயின் இரத்தத்தைப் பற்றிப் பேசாத ஒரே நேரம் அதுதான். அக்காவின் முகம் அப்போது கொஞ்சம் தெளியும். அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் பிள்ளையின் அந்த மௌனத்தால் வந்தது. அதை யார்தான் நோய் என்று சொல்வார்கள்?

வகுப்பில் தைரொயிட் சுரப்பியைப் படித்தது அந்த நாட்களில்தான். ஒரு மாமரத்தின் கீழ் வாங்கு போட்டு நடந்த தனியார் வகுப்பு. வாற்பேத்தையின் தைரொயிட்டை எடுத்துவிட்டால் அது தவளையாக மாறாது, வாலோடு பெரிய வாற்பேத்தையாகவே வளரும் என்று படித்தோம். வகுப்பே சிரித்தது. அடுத்து, மனிதக் குழந்தைக்கு அந்தச் சுரப்பி வேலை செய்யாவிட்டால் என்னாகும் என்ற பகுதி வந்தது. உடம்பு குளிர்ந்திருக்கும். நாக்குத் தடித்து வெளியே தள்ளும். தொப்புள் பிதுங்கும். மலச்சிக்கல், கரகரத்த குரல், எப்போதும் தூக்கம், பிறந்தபின் நீண்டநாள் இறங்காத மஞ்சள். முதல் மாதங்களில் அந்தச் சுரப்பி தருகிற ஓமோன் கிடைக்காவிட்டால் மூளை வளர்ச்சி தடைப்படும்.

எல்லோரும் எழுதினார்கள். என் பேனை நின்றுவிட்டது. தொப்புளை அமுக்கி வைக்கவென்று பிள்ளையின் வயிற்றில் துணி சுற்றி ஒரு நாணயத்தைக் கட்டி வைத்திருந்தார் மாமி. வயிறு போகவென்று ஆமணக்கெண்ணெய் தடவினார்கள். நாக்கு வெளியே நிற்பதைப் பார்த்து, “பசிக்குது போலை” என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன். அவள் குரக்கன் மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் அக்கா. மஞ்சள் இன்னும் இருக்குதுதானே?”

“மெல்லக் கதை.” கதவைப் பார்த்தாள். “கொண்டுபோனால் என்ன செய்வினம்?”

“இரத்தம் எடுத்துப் பாப்பினம்.”

“திரும்பவும் இரத்தமோ?” மாவுக் கையோடு நிமிர்ந்தாள். “உனக்குத் தெரியாது. நீ காலமை வகுப்புக்குப் போயிடுவாய். நாள் முழுக்கக் கேக்கிறது நான். இன்னொருக்கா இரத்தம் எண்ட சொல்லு இந்த வீட்டிலை வரக்கூடாது.”

“இது குறூப் இல்லை. இது வேறை.”

“அவைக்கு எல்லாம் ஒண்டுதான்.”

அக்காவிடம் பேசிப் பயனில்லை என்று மாமியிடமே போனேன். அப்போதுதான் தவளைக் குஞ்சு என்ற அந்தச் சொல் வந்தது. அம்மா தோய்த்த உடுப்பைப் பிழிந்தபடி, “வீடு விட்டு வந்த சனத்தோடை வாய் காட்டாதை பிள்ளை” என்றார். அத்தானிடம் சொன்னேன். “தெரு கொஞ்சம் அமரட்டும், பாப்பம்” என்றார். தெரு அமரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் ஷெல் விழுகிறது என்றார்கள். பிறகு மழை தொடங்கியது. பிறகு மாமாவுக்குக் காய்ச்சல். நாட்கள் இப்படித்தான் போயின. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது.

அக்காவின் மனம் மாறியதற்குக் காரணம் என் படிப்பல்ல. பிள்ளைக்கு நாலு மாதமானபோது, தடுப்பூசி போடுகிற நாளில் அவள் பிள்ளையைக் கொண்டு கிளினிக்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாங்கில் பக்கத்தில் பண்டத்தரிப்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவளுடைய பிள்ளையும் எங்கள் பிள்ளையும் ஒரே கிழமையில் பிறந்தவர்கள். அந்தப் பிள்ளை கழுத்தை நிமிர்த்தி, அக்காவின் தாலிக்கொடியை எட்டிப் பிடித்து இழுத்துச் சிரித்தது. “விடடி கள்ளி,” என்று தாய் அதன் விரல்களைப் பிரித்தாள். அக்கா தன் மடியைப் பார்த்தாள். எங்கள் பிள்ளையின் தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

வீடு வந்ததும் அக்கா வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறம்,” என்றாள். மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “என்ரை இரத்தத்திலைதான் பிழை எண்டாலும் பரவாயில்லை மாமி. நான் போறன்.” அப்படி ஒரு குரலில் அக்கா பேசி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். உச்சிக்குழியில் விரலை வைத்தார். நாக்கைப் பார்த்தார். வயிற்றுத் துணியை அவிழ்த்து நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“மஞ்சள் எப்ப போனது?”

அக்கா தலை குனிந்தாள். “ரெண்டு மாதத்துக்கு மேலை இருந்தது, டொக்டர்.”

“ஏன் அப்பவே கொண்டரேல்லை?”

கூட வந்த அத்தான்தான் பதில் சொன்னார். “இரத்தக் குறூப்பாலை வந்தது எண்டு நினைச்சம்.”

“முதல் வந்தது அதாலை இருக்கலாம். அது அவ்வளவு நாள் நிக்காது. நிண்டது வேறை மஞ்சள்.” டொக்டரின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “ரெண்டும் ஒரே நிறம். அதுதான் பிழைச்சுப்போச்சு.”

இரத்தம் எடுத்தார்கள். அதைக் கொழும்புக்கு அனுப்பித்தான் பரிசோதிக்க வேண்டும். நேர்ப் பாதை பூட்டியிருந்ததால், நோயாளரை ஏற்றிப்போகிற கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். முடிவு வரும்வரை மருந்தைப் பிற்போட முடியாது என்று டொக்டர் அன்றே தைரொயிட் குளிசை தொடங்கினார். துண்டாக்கி, நசித்து, தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியால் கொடுக்க வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது, வாழ்நாள் முழுவதும்.

எழும்பும்போது அக்கா கேட்டாள்: “இவ்வளவு நாளும் குடுக்காமல் விட்டது, இனிக் குடுத்தால் சரிவருமோ டொக்டர்?”

“உடம்பு வளரும். சுறுசுறுப்பு வரும்.” மருந்துத் துண்டை அக்காவிடம் நீட்டினார். “மூளைக்கு அந்தந்த நேரத்திலை கிடைக்க வேண்டியது அந்தந்த நேரத்திலை கிடைக்கோணும். எவ்வளவு விட்டுப்போச்சு எண்டு வளர வளரத்தான் தெரியும்.”

வீட்டில் அப்பா என்னைக் கூப்பிட்டு, “எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு,” என்றார். தோட்டத்தில் அப்பா கிணற்றடியில் நின்று இறைக்க, அக்கா வரம்பில் நின்று பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவாள். மண் காய்ந்திருந்தால் “இறையுங்கோ” என்று குரல் கொடுப்பாள். பாத்திகள் நிரம்பியதும் “காணும்” என்பாள், அப்பா நிறுத்துவார். அதையே சொன்னேன். மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, அது வரம்பில் நிற்கிற ஆள். தொண்டையில் இருக்கிற தைரொயிட் கிணற்றடியில் நிற்கிற ஆள். இரத்தத்தில் ஓமோன் குறைந்தால் வரம்பில் நிற்கிறவர் கூப்பிடுவார். போதிய அளவு வந்ததும் அவருடைய குரல் அடங்கும், இவரும் குறைப்பார். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயிர் வாடாது, அழுகவும் அழுகாது.

“எங்கடை பிள்ளைக்கு?”

“வரம்பிலை நிக்கிற ஆள் தொண்டை கிழியக் கூப்பிடுறார் அப்பா. கிணத்தடியிலை ஆளில்லை.”

பிறகு கொழும்பிலிருந்து வந்த முடிவும் அதைத்தான் சொன்னது. கூப்பிடுகிற ஓமோன் மிக அதிகம், வந்து சேர வேண்டியது மிகக் குறைவு.

“அப்ப குளிசை?” என்று அன்று அப்பா தொடர்ந்து கேட்டார்.

“அது அடுத்த வளவிலையிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவாற தண்ணி. நிப்பாட்டினால் காயும். கூடினாலும் கூடாது. கூப்பிடுற குரல் அடங்கிச்சோ எண்டு இடைக்கிடை இரத்தம் பாக்கோணும்.”

“பயிர் எண்டால் வாடின இலை விழுந்து புது இலை வரும்,” என்றார் அப்பா. மூளை அப்படியல்ல என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சில கிழமைகளில் பிள்ளையின் கை சூடானது. நாக்கு உள்ளே போனது. மாற்றம் கண்ணுக்குத் தெரியத் தெரிய எனக்கு மகிழ்ச்சியைவிட வேதனைதான் கூடியது. இவ்வளவு சின்னத் துண்டுக் குளிசை இவ்வளவு செய்யுமென்றால், அது இல்லாமல் போன அந்த மாதங்களில் உள்ளே என்னவெல்லாம் நடக்காமல் போயிருக்கும்?

ஒருநாள் மதியம் விமானம் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். முதல் குண்டு விழுந்ததும் எங்கள் பிள்ளை வீரிட்டாள். அதுவரை அவளிடம் கேட்டிராத குரல். முகம் சிவக்க, கையைக் காலை உதைத்து, மூச்சுப் பிடித்துப் பிடித்து அழுதாள். உள்ளே இருந்த ஒருவர், “பிள்ளையின்ரை வாயைப் பொத்து மோனை, காது வெடிக்குது,” என்றார்.

“ஒருத்தரும் பொத்தவேண்டாம்.” இருட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. “அழட்டும். அவள் அழட்டும்.”

வெளிச்சத்துக்கு வந்தபோது மாமியின் கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு இரத்தத்தைப் பற்றி அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. குளிசை நசிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். குளிசைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அச்சுவேலிச் சந்தைக்குப் போய், கொழும்புக்குப் போய்வருகிற வியாபாரிகள் ஒவ்வொருவரிடமும் மருந்தின் பெயரை எழுதிய துண்டைக் கொடுத்துக் கெஞ்சியவரும் அவர்தான். தன் அதிகாரம் முழுவதையும் அந்தக் குளிசைப் போத்தலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இப்போது பிள்ளைக்கு நாலு வயது நடக்கிறது. பிந்தி நடந்தாள். ஓடும்போது கால் பின்னும். ஒரு சொல், சிலவேளை இரண்டு சொல். அதற்கு மேல் கோத்துப் பேச வராது. நிறம் கேட்டால் எல்லாவற்றுக்கும் “சிவப்பு” என்பாள். கிளினிக்கில் அக்காவின் தாலிக்கொடியை இழுத்த அந்தப் பிள்ளை இப்போது அவர்கள் ஒழுங்கையில் நின்று பாட்டுப் பாடுகிறது. அக்கா அந்த ஒழுங்கையால் போவதைத் தவிர்த்து வேறு வழியால் சுற்றிப் போகிறாள்.

யாரைக் குற்றம் சொல்வதென்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் முதலில் சொன்னது சரி. நான் விளங்கப்படுத்தியதும் சரி. மாமி கேட்டது, அக்கா மறைத்தது, அம்மா அடக்கியது, அத்தான் தெருவைப் பார்த்துப் பயந்தது, எல்லாவற்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. அத்தனை நியாயங்களும் ஒன்றுசேர்ந்து ஒரு பிள்ளையின் தலைக்குள் இருக்க வேண்டியதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டன. எவ்வளவு என்று அளக்க எந்த இரத்தப் பரிசோதனையும் இல்லை.

போன மாதம் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற நேசறிப் பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அக்கா போகவில்லை. “மற்றப் பிள்ளையள் சிரிக்குங்கள். வீட்டிலை இருக்கட்டும்,” என்றாள். ஆசிரியை எனக்குத் தெரிந்தவர். அவரும் தயங்கினார். “நான் ஒராள் இருவது பிள்ளையளைப் பாக்கிறன். இவளுக்குப் பக்கத்திலை ஒராள் இருந்தால் ஏலும்.”

பரீட்சைகள் தள்ளித் தள்ளிப் போய், எனக்கு இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இரசாயனமும் விலங்கியலும். தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்கிறார்கள், இந்த நாட்டு நிலைமையில் அது எவ்வளவென்று யாருக்கும் தெரியாது. “பக்கத்திலை நான் இருக்கிறன், ரீச்சர்,” என்றேன்.

திங்கட்கிழமை காலை பிள்ளைக்குக் குளிசை கொடுத்து, தலை வாரி இழுத்து, சைக்கிளில் முன்னால் இருத்திக் கொண்டுபோனேன். அக்கா படலைவரை வந்து நின்றாள். நேசறிப் பாயில் பிள்ளைக்கு இடப்பக்கம் காலை மடித்து உட்கார்ந்தேன். முட்டுக்கால் இரண்டும் முன்னால் இருந்த குழந்தையின் முதுகில் இடித்தன. ஆசிரியை வண்ணக் கட்டைகளை நடுவில் கொட்டினார். பிள்ளை நீலக் கட்டையை எடுத்து எனக்குக் காட்டி, “சிவப்பு” என்றாள். “நீலம்,” என்றேன். அவள் என் வாயைப் பார்த்தாள். நான் மறுபடியும் சொன்னேன்.